சனிக்கிழமைக் கொப்பி: வன்னியின் சிறிய கிறிஸ்தவ உதவிக் குழுக்கள் எப்படி இயங்குகின்றன

பரந்தன் சந்தியில் முல்லைத்தீவு வீதிக்குத் திரும்பி முரசுமோட்டை, தர்மபுரம், விசுவமடு என்று போகிறவருக்கு வன்னி தேறிவிட்டது போலத்தான் தெரியும். வீதி காப்பெற். சந்திக்குச் சந்தி லீசிங் கம்பனிப் பலகை, கைத்தொலைபேசிக் கடை, புதிதாக வெள்ளையடித்த கோயில். வீதியை விட்டு இறங்கி, கிறவல் ஒழுங்கையில் இரண்டு கிலோமீற்றர் உள்ளே போனால் வேறு ஊர். பூசாத கல்வீடு, கதவுக்குப் பதில் தறப்பாள், பாதியில் விட்ட கிணறு.

அப்படியொரு ஒழுங்கையில் ஒரு சனிக்கிழமை காலை இரண்டு பெண்களோடு நானும் போனேன். ஒருவர் ஓய்வுபெற்ற ஆசிரியை. மற்றவள் ஏ.எல். எழுதிவிட்டு வீட்டில் இருக்கும் இருபது வயதுப் பெண். பங்குக் கோயிலோடு சேர்ந்து இயங்கும் ஒரு சிறு உதவிக் குழுவைச் சேர்ந்தவர்கள். பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்கள். அடக்கம் காரணமில்லை. பெயர் வெளியே வந்தால் அடுத்த கிழமை குருமனை வாசலில் நூறு பேர் நிற்பார்கள், கொடுக்க அரிசி இராது என்பதுதான் காரணம்.

ரீச்சரின் கையில் ஒரு சி.ஆர். கொப்பி. வீட்டுக்கு ஒரு பக்கம். பக்கத்தின் தலைப்பில் வீட்டுக்காரியின் பெயர், கீழே திகதிவாரியாக ஓரிரண்டு வரி. அதுவும் முழு வரி இல்லை, அவருடைய சொந்தச் சுருக்கெழுத்து. ‘அ.இ.’ என்றால் அடுப்பு எரியவில்லை. ‘கி.3’ என்றால் கிழமைதோறும் கட்டும் கடன் மூன்று. ‘செ.து. மு.’ என்றால் முதுகில் செல் துண்டு இருக்கிறது, பாரம் தூக்கும் வேலைக்கு ஆளை அனுப்ப முடியாது. 

முதல் வீட்டில் நடந்த உரையாடல் இவ்வளவுதான்.

“வாங்கோ ரீச்சர், இருங்கோ.”

“இருக்கிறம். என்ன பிள்ளை, அடுப்பு மூட்டேல்லையோ?”

“இண்டைக்கு வேலைக்குக் கூப்பிடேல்லை ரீச்சர். மத்தியானம் பாத்துக்கொள்ளுவம்.”

“லோன்காரர் வந்தவையோ?”

“செவ்வாய்க்கிழமை வருவினம்.”

“சின்னவன் பள்ளிக்கூடம் போறானோ?”

பதில் வரவில்லை. அந்தப் பெண் முந்தானையைச் சரி செய்தாள். வாசல் திண்ணையில் ஒரு சோடி வெள்ளைச் சப்பாத்து வெயிலில் காய்ந்துகொண்டிருந்தது, ஒன்றின் அடி முழுதாகக் கழன்றிருந்தது. ரீச்சர் கொப்பியில் ‘சப். 4’ என்று எழுதினார். நாலாம் நம்பர்ச் சப்பாத்து. யாரும் யாரிடமும் எதையும் கேட்கவில்லை.

ஒரு சிறிய அமைப்பு எதற்குத் தேவை, அரசு இருக்கிறது, பெரிய நிறுவனங்கள் இருக்கின்றன என்று கேட்பவர்களுக்கு என் பதில் அந்தச் சப்பாத்துத்தான். கொழும்பிலோ ஜெனீவாவிலோ போடும் திட்டத்தில் நாலாம் நம்பர்ச் சப்பாத்துக்கு ஒரு கட்டம் இருக்காது. வீட்டுக்குப் போய் உட்கார்ந்து பேசுகிறவருக்குத்தான் அது கண்ணில் படும். இந்தக் குழுக்களிடம் காசு எப்போதும் குறைவு. அவர்களுடைய மூலதனம், ஒரே வீட்டுக்குத் திரும்பத் திரும்பப் போவது.

வீடு தேடிப் போகும் இந்தப் பழக்கத்துக்குக் கத்தோலிக்கரிடையே ஒரு பழைய வரலாறு உண்டு. 1833 இல் பாரிசில் பிரெடெரிக் ஒசானாம் என்ற இருபது வயது மாணவரும் அவருடைய நண்பர்களும் சேர்ந்து தொடங்கியது வின்சன் டி போல் சபை. முந்திய ஆண்டுதான் அந்த நகரத்தைக் கொலரா உலுக்கியிருந்தது. உங்கள் வேதம் ஏழைகளுக்கு இப்போது என்ன செய்கிறது என்று சக மாணவர்கள் கேட்ட கேள்வி ஒசானாமைக் குத்தியது. தன் அறையில் மிஞ்சியிருந்த விறகை ஒரு வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போனார் என்று சொல்வார்கள். அந்தச் சபையின் முறை எளிது: இருவர் இருவராக வீட்டுக்குப் போவது, கிழமைதோறும் கூடிப் பேசுவது, கூட்ட முடிவில் ஒரு பையைச் சுற்றி விடுவது. யார் எவ்வளவு போட்டார் என்று யாருக்கும் தெரியாது. வடக்கில் பல பங்குகளில் இந்தச் சபையின் கிளைகள் இருக்கின்றன. பெயர் வேறாக உள்ள குழுக்களும் பெரும்பாலும் இதே அச்சில் வார்க்கப்பட்டவைதான். தவக்காலத்தில் மீனையும் இறைச்சியையும் ஒறுத்து மிச்சம் பிடிக்கும் காசு, அந்தோனியார் சுரூபத்தடியில் வைக்கும் பாண், சோறாக்கும்போது ஒரு பிடி எடுத்துப் பானையில் தனியாகப் போடும் பிடியரிசி எல்லாம் இந்தப் பைக்குள்தான் வந்து சேர்கின்றன. பிடியரிசி, சைவக் கோயில்களுக்கும் தெரிந்த வழக்கம். ‘இது வேதக்காரர் வேலை’ என்று எந்தக் கிழவியும் அதைத் தள்ளிவைக்க மாட்டாள்.

இவற்றுக்கு மேலே பெரிய அமைப்புகள் உண்டு. யாழ் மறைமாவட்டத்துக்கு கியூடெக், 1981 இல் யாழ்ப்பாணத்திலிருந்து பிரிந்த மன்னார் மறைமாவட்டத்துக்கு வாழ்வுதயம். இரண்டும் கரித்தாஸ் என்ற உலகளாவிய கத்தோலிக்கத் தொண்டுக் குடும்பத்தைச் சேர்ந்தவை. சீர்திருத்தச் சபைகளின் பக்கம் 1816 இல் வந்த அமெரிக்க மிசனின் வழிவந்த தென்னிந்தியத் திருச்சபை, மெதடிஸ்தர், அங்கிலிக்கர் என்று ஒவ்வொருவருக்கும் சிறுவர் இல்லம், விடுதி, முன்பள்ளி உண்டு. அதற்கும் அடுத்த வரிசையில், ஒரு பாஸ்டரும் ஒரு கொட்டகையும் மட்டுமே கொண்ட சுதந்திர சபைகள். வெளியிலிருந்து பார்ப்பவர் இவை அத்தனையையும் ‘கிறிஸ்தவத் தொண்டு நிறுவனம்’ என்ற ஒரே பெட்டியில் போட்டுவிடுவார். ஊரில் இருப்பவர் போட மாட்டார். கத்தோலிக்கரின் பாதர் வேறு, சீர்திருத்தச் சபைகளின் ஐயர் வேறு, சுதந்திர சபைகளின் பாஸ்டர் வேறு.

யுத்தம் முடிந்து இவ்வளவு காலமாகியும் வன்னியில் ஏன் இன்னும் அரிசிப் பொதி தேவைப்படுகிறது? கனடாவில் இருக்கும் உறவினர் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. சில நேரம் அதில் ஒரு சலிப்பும் இருக்கும்.

2008 செப்டெம்பரில் ஐ.நா. நிறுவனங்களையும் வெளிநாட்டுத் தொண்டு நிறுவனங்களையும் வன்னியை விட்டு வெளியேறச் சொன்னது அரசு. அந்த மாதம் 16 ஆம் திகதி கிளிநொச்சியிலிருந்து ஐ.நா. வாகனங்கள் போய்விட்டன. போகவேண்டாம் என்று சனம் வாசலில் நின்று கேட்டும் பலனில்லை. பின்தங்கியவர்களில் உள்ளூர் ஊழியரும் குருமாரும் கன்னியர்களும் இருந்தார்கள். சனத்தோடு சனமாக இடம்பெயர்ந்து முள்ளிவாய்க்கால் வரை போனார்கள். அருட்தந்தை சரத்ஜீவன் 2009 மே 18 அன்று வெளியே வந்த நிலையில் மாரடைப்பால் இறந்தார். யாழ் புனித பத்திரிசியார் கல்லூரியின் முன்னாள் அதிபர் அருட்தந்தை பிரான்சிஸ் ஜோசப், வட்டுவாகலில் சரணடைந்தவர்களோடு போனவர், திரும்பி வரவில்லை. இதைச் சொல்லக் காரணம் உண்டு. வன்னியில் ‘பாதர்’ என்ற சொல்லுக்கு இன்றும் இருக்கும் நம்பிக்கை, அந்த எட்டு மாதங்களில் சம்பாதித்தது. சைவ வீட்டிலும் அந்தக் கொப்பியைத் திறக்க முடிவதற்கு அதுதான் திறப்பு.

பிறகு செட்டிகுளம் மெனிக் பாம். ஏறத்தாழ மூன்று இலட்சம் பேர் முகாம்களுக்குள் போனார்கள். 2012 செப்டெம்பரில் முகாம் மூடப்பட்டது. ஊர் திரும்பியவரிடம் இருந்தது ஒரு தறப்பாள், சில கூரைத் தகரம், கொஞ்சம் உலர் உணவு. மாடு இல்லை, உழவு இயந்திரம் இல்லை, நகை இல்லை. நகை போனது பெரிய விஷயம். வன்னிப் பெண்ணுக்குக் காதுத் தோடும் சங்கிலியும்தான் வங்கி. வயல் விதைக்க அடகு வைத்து, வெட்டிய பிறகு மீட்டு, அடுத்த ஆண்டு மறுபடி வைத்து ஓடிய ஒரு சக்கரம் அது. சில இடங்களில் அந்தச் சக்கரமே கழன்றுவிட்டது. 

வீடு வந்தது. இந்திய அரசின் வீட்டுத்திட்டத்தில் ஒரு குடும்பத்துக்கு 5,50,000 ரூபா, கட்டம் கட்டமாக. உரிமையாளரே கட்ட வேண்டும். நல்ல திட்டம், மறுக்கவில்லை. ஆனால் எல்லாரும் ஒரே காலத்தில் கட்டத் தொடங்கியதும் மணல், கல், மேசன் கூலி எல்லாம் ஏறின. அத்திவாரம் போட்டுக் காட்டினால்தான் அடுத்த காசு வரும். அத்திவாரத்துக்குக் கையில் காசு இல்லாதவள் கடன் வாங்கினாள். வீடு முடியும்போது கல்வீடும் இருந்தது, கடனும் இருந்தது. அந்தக் கடனை அடைக்க இன்னொன்று, அதை அடைக்க வேறொன்று. பெண்கள் ஐந்து பேரைக் குழுவாக்கி, ஒருத்திக்கு மற்ற நால்வரும் பிணை என்று கொடுக்கப்பட்ட கிழமைக் கடன்கள் கிராமம் கிராமமாக நுழைந்தன. வட்டி எந்த அளவுக்குப் போயிருந்தது என்று அறிய ஒரு குறிப்புப் போதும்: 2018 இல் அரசு தலையிட்டு நுண்கடனுக்கு ஆண்டுக்கு 35 வீதம் என்று உச்சவரம்பு வைத்தது. வரட்சி பாதித்த மாவட்டங்களில் ஒரு இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட பெண்களின் நிலுவைக் கடன்களைத் தள்ளுபடி செய்வதாகவும் அறிவித்தது. 35 வீதம் நிவாரணம் என்றால் அதற்கு முன் இருந்தது என்ன என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

புள்ளிவிபரமும் இதையேதான் சொன்னது. 2012/13 வீட்டு அலகு வருமான செலவின அளவீட்டில் நாடு முழுவதும் வறுமை 6.7 வீதம், முல்லைத்தீவில் 28.8 வீதம். 2016 இல் நாடு 4.1 க்கு இறங்கியது, முதலிடம் கிளிநொச்சிக்கு வந்தது, 18.2 வீதம். 2018 டிசம்பரில் இரணைமடு வான்பாய்ந்து வயல்களை மூடியது. 2022 இல் ரூபா சரிந்து, செப்டெம்பரில் கொழும்பு விலைச் சுட்டெண்ணின் உணவுப் பணவீக்கம் 94.9 வீதத்தைத் தொட்டது. அந்த ஆண்டு மார்ச்சிலிருந்தே மன்னார்க் கடலைத் தாண்டித் தனுஷ்கோடிப் பக்கம் குடும்பங்கள் படகேறின. யுத்தத்துக்கல்ல, அரிசி விலைக்கு ஓடினார்கள்.

2023 யூலையில் அரசின் வறுமை நிவாரணத் திட்டமான சமூர்த்தியின் இடத்துக்கு அஸ்வெசும வந்தது. தொடங்கும்போது மிக வறிய குடும்பத்துக்கு மாதம் 15,000, வறியவருக்கு 8,500, அதற்கடுத்த இரு படிகளுக்கு 5,000, 2,500. தொகையைப் பார்த்தால் எந்தத் தேவாலயப் பையும் இதற்குக் கிட்ட வர முடியாது. சிக்கல், யார் எந்தப் படியில் என்பதில். கேள்விக்கொத்து வீட்டின் சுவரையும் கூரையையும் பொருட்களையும் எண்ணும். கடனை அது பார்க்கும் விதத்தில் வீட்டுக்காரி பார்ப்பதில்லை. இந்தியக் கல்வீட்டுக்குள் இருந்துகொண்டு மூன்று கிழமைக் கடன் கட்டும் பெண், ஓலை வீட்டில் கடனில்லாமல் இருக்கும் பெண்ணை விட வசதியானவள் போலத் தாளில் தெரிவாள். ரீச்சரின் கொப்பியில் இது தலைகீழாக இருக்கிறது.

சரி, பொதிக்கு வருவோம்.

பொதியில் இருப்பது அரிசி, கோதுமை மா, பருப்பு, சீனி, தேயிலை, சோயா மீற், ஒரு டின் மீன், தேங்காய் எண்ணெய், ஒரு சவர்க்காரக் கட்டி. நான்கு பேர் உள்ள வீட்டுக்குப் பத்துப் பன்னிரண்டு நாள் போகும். பால்மா போடுவதா இல்லையா என்று ஒவ்வொரு மாதமும் கூட்டத்தில் சண்டை. விலை கூட என்பதால் ஒரு கட்சி வேண்டாம் என்கிறது. பால்மாப் பைக்கற்றை மட்டும் கடையில் திருப்பிக் கொடுத்துக் காசாக்குகிறார்கள் என்று இன்னொரு கட்சி. திருப்பிக் கொடுத்தால் கொடுக்கட்டும், அந்தக் காசு எங்கே போகிறது என்று கேள் என்று ரீச்சர். கேட்டுப் பார்த்தபோதுதான் தெரிந்தது, செவ்வாய்க்கிழமைக் கட்டுக்காசுக்குப் போகிறது.

எனக்கு இதுதான் முழு விஷயத்தின் கணு என்று படுகிறது. உணவுப் பொதி வயிற்றுக்குப் போகிறது என்று கொடுப்பவர் நினைக்கிறார். உண்மையில் அது வீட்டுக் கணக்கில் ஒரு பக்கத்தை இலேசாக்குகிறது, மிஞ்சுவது கடன்காரனுக்குப் போகிறது. ஸ்கார்பரோவில் ஒருவர் அனுப்பும் ஐம்பது டொலர், ஒழுங்கை வழியாக மோட்டார் சைக்கிளில் வரும் லோன்காரரின் பைக்குள் போய் விழுகிறது. பொதி கொடுப்பதை நிறுத்து என்று இதற்கு அர்த்தமில்லை. நிறுத்தினால் அந்தக் கிழமை பிள்ளைகள் பட்டினி, கட்டுக்காசு எப்படியும் போகும், பிணை நின்ற மற்ற நால்வர் விடமாட்டார்கள். இதைக் கண்டபிறகு அந்தக் குழு செய்தது ஒரு சின்னக் காரியம். ஒரு வீட்டின் மூன்று கடனில் மிகச் சிறியதை எடுத்து, மிச்சத்தை ஒரேயடியாகக் கட்டி, அந்தக் கடன் புத்தகத்தை வாங்கி, அடுப்பில் போட்டுவிட்டார்கள். பிறகு மாதம் மாதம் அந்தப் பெண் கட்டுகிற அளவை வட்டியில்லாமல் பைக்குத் திருப்பினாள். பெரிய திட்டம் ஒன்றுமில்லை. அந்த ஆண்டு ஏழு வீடுகளுக்குத்தான் செய்ய முடிந்தது. அதில் இரண்டு வீடு வேறு கடன் எடுத்துவிட்டது. ஐந்து எடுக்கவில்லை.

வாழ்வாதார உதவி என்ற பெயரில் வன்னிக்கு வந்த தையல் மெசின்களை அடுக்கினால் ஆனையிறவிலிருந்து ஓமந்தை வரை போகும் என்று ஊரில் பகிடி சொல்வார்கள். ஒரு கிராமத்தில் பத்துப் பேருக்கு மெசின் கொடுத்தால் தைப்பவர் பத்துப் பேர், தைக்கக் கொடுப்பவர் யார்? ஆயத்த உடை கிளிநொச்சிச் சந்தையில் துணி விலைக்கே கிடைக்கிறது. கோழிக்குஞ்சு கொடுத்தவர்கள் கீரியையும் நோயையும் தீன் விலையையும் மறந்தார்கள். ஆடு பரவாயில்லை, குட்டி போடும், அவசரத்துக்கு விற்கலாம். ஆனால் அறுப்பதற்கென்றே ஆடு கொடுக்கிறீர்களே என்று ஒரு சைவக் கிழவர் முகத்துக்கு நேரே கேட்டதும் உண்டு.

பலித்தவற்றைப் பார்த்தால் ஒரு ஒற்றுமை தெரிகிறது. அந்த ஆள் முன்பே செய்துகொண்டிருந்த தொழிலில் அறுந்துபோன ஒரு கண்ணியை மட்டும் அவை பொருத்தின. நந்திக்கடலில் இறால் பிடிப்பவருக்கு வலையும் ஒரு பழைய சைக்கிளும். கச்சான் போடுபவருக்கு விதையும், கிணற்றுக்கு இறைக்கும் பம்பியைத் திருத்தும் செலவும். பாண் விற்கும் பெண்ணுக்குக் கண்ணாடிப் பெட்டி. இந்தக் கண்ணி எது என்று கண்டுபிடிக்கப் பத்துத் தடவையாவது அந்த வீட்டுக்குப் போக வேண்டும். மூன்று மாதத்தில் முடிக்க வேண்டிய திட்டத்தில் பத்துத் தடவை போக யாருக்கு நேரம்? ஆகவே மெசின் கொடுக்கிறார்கள். மெசின் படத்துக்கு நன்றாக விழும்.

படம். இதைப் பற்றி எனக்குக் கொஞ்சம் கோபம் உண்டு. உதவி பெறுகிறவர் பொதியைப் பிடிக்க, கொடுப்பவர் கமெராவைப் பார்த்துச் சிரிக்க, பின்னால் பதாகை. புலம்பெயர்ந்தவர்களின் பிறந்தநாள், நினைவுநாள், கலியாணநாள் எல்லாம் இன்று வன்னியில் பதாகையாகத் தொங்குகின்றன. அனுப்புகிறவருக்குக் காசு உரிய இடத்துக்குப் போனதா என்று தெரிய வேண்டும், அது நியாயம். முன்னர் ஏமாந்தவர்கள் பலர். ஆனால் பத்தாம் வகுப்புப் பிள்ளை பொதியோடு நிற்கும் படம் முகநூலில் கிடந்தால் திங்கட்கிழமை வகுப்பில் அவளுக்கு என்ன நடக்கும்? எங்கள் குழு இப்போது படத்துக்குப் பதில் கடைப் பற்றுச்சீட்டை அனுப்புகிறது, கொப்பிப் பக்கத்தைப் பெயரை மறைத்து அனுப்புகிறது. சில கொடையாளர் இதனால் விலகிப் போனார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். ‘எங்கள் குழு’ என்று எழுதிவிட்டேன். சில மாதம் கூடப் போனால் அப்படித்தான் ஆகிவிடுகிறது.

இனி எல்லாரும் மனதுக்குள் கேட்கும் கேள்வி. இவர்கள் கொடுப்பது ஆளைச் சேர்க்கத்தானே?

இலங்கையில் இந்தச் சந்தேகத்துக்குச் சட்ட வரலாறே உண்டு. 2003 இல் மென்சிங்கன் திருச்சிலுவைக் கன்னியர் சபையைக் கூட்டிணைக்கப் பாராளுமன்றத்துக்கு ஒரு சட்டமூலம் வந்தது. கற்பித்தல், நோயாளர் பராமரிப்பு போன்ற தொண்டோடு வேதத்தைப் பரப்புதலும் அதன் நோக்கங்களில் இருந்தது. பொருளுதவியையும் மதப் பரப்பலையும் சேர்த்துச் செய்வது வறியவரின் மதச் சுதந்திரத்தைப் பாதிக்கும், பௌத்தத்துக்கு முதன்மையிடம் கொடுக்கும் அரசியலமைப்பின் 9 ஆம் உறுப்புரைக்கும் ஒவ்வாது என்று உயர் நீதிமன்றம் தீர்மானித்தது. அடுத்த ஆண்டு மதமாற்றத் தடைச் சட்டமூலம் ஒன்றை பௌத்த பிக்குகளின் கட்சியான ஜாதிக ஹெல உறுமய கொண்டுவந்தது, அது சட்டமாகவில்லை. 2005 இல் ஐ.நா. மனித உரிமைக் குழு கன்னியர்களின் பக்கம் நின்று, அவர்களுடைய உரிமை மீறப்பட்டது என்றது. நடைமுறையில் நடந்தது வேறு. அமைப்புகள் தங்கள் பதிவுப் பத்திரத்தில் ஆராதனையையும் சேவையையும் இரண்டு பெயரில் பிரித்துக்கொண்டன. தொண்டு நிறுவனங்களைப் பதிவது 1980 ஆம் ஆண்டின் 31 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ். சின்னக் குழுக்கள் பிரதேச செயலகத்தோடு நின்றுவிடும், அல்லது பங்கின் நிழலிலேயே இருந்துவிடும்.

அந்த வழக்குகள் சிங்கள–பௌத்த அரசியலின் சூழலில் வந்தவை. வன்னியில் பிரச்சினைக்கு முகம் வேறு, கொடுப்பவரும் தமிழர், வாங்குபவரும் தமிழர். மன்னாரில் 1544 இல் மதம் மாறியவர்களைச் சங்கிலி மன்னன் கொன்றதிலிருந்தே இது நம் வீட்டுச் சண்டை. 2016 இல் வவுனியாவில் மறவன்புலவு சச்சிதானந்தன் சிவசேனை என்ற இந்து அமைப்பைத் தொடங்கியபோது மதமாற்றம் அதன் முக்கிய முறைப்பாடு. 2019 மார்ச்சில், சிவராத்திரிக்கு முதல்நாள், மன்னார்த் திருக்கேதீச்சரக் கோயிலின் வீதி வளைவைப் பற்றிச் சைவருக்கும் கத்தோலிக்கருக்கும் இடையில் எழுந்த மோதலில் இரு பக்கத்துப் பழைய காயங்களும் திறந்துகொண்டன.

என் கணிப்பைச் சொல்கிறேன். பழைய பங்குகளின் குழுக்கள் சைவ வீடுகளில் வேதம் பேசுவதில்லை. ஒரு செபம் சொல்லிவிட்டு எழும்புவதுகூட இல்லை. கொப்பியில் மதத்துக்குக் கட்டமே இல்லை. நான் போன பதினொரு வீட்டில் எட்டு வீட்டில் சாமித்தட்டில் பிள்ளையாரும் முருகனும்தான் இருந்தார்கள். புதிய சபைகள் சிலவற்றில் அப்படியில்லை. ஞாயிறு கூட்டத்துக்கு வந்தவருக்குத்தான் திங்கள் பொதி என்று ஒரு சபை நடத்தியதை, அங்கே போய்வந்த பெண்களே சொன்னார்கள். அவர்களில் ஒருத்தி சொன்னது: “நாங்கள் போனது அரிசிக்குத்தான் அண்ணை. ஆனா நான் அழேக்கை பக்கத்தில இருந்தது அந்தப் பாஸ்டரின்ர மனிசி மட்டும்தான்.” இந்த இரண்டாவது வாக்கியத்தை மதமாற்ற எதிர்ப்பாளர் யாரும் கணக்கில் எடுப்பதில்லை. கோயில் திருவிழாவுக்கு இலட்சக்கணக்கில் செலவழிக்கும் பரிபாலன சபைகள், அதே ஒழுங்கையில் புருஷனைத் தேடிக்கொண்டிருக்கும் பெண்ணின் வீட்டுக்கு ஒருநாளாவது போனதுண்டா? போகிற சைவ அமைப்புகளும் உண்டு, மறைக்கவில்லை. போகாத இடத்தில்தான் மற்றவர் கால் பதிகிறது.

புருஷனைத் தேடும் பெண்களைப் பற்றி எழுத இன்னொரு கட்டுரை வேண்டும். கிளிநொச்சி கந்தசாமி கோயில் முன்றலில் 2017 பெப்ரவரி 20 தொடங்கிய அவர்களுடைய போராட்டம் எந்தத் தொண்டு நிறுவனத்தாலும் தீர்க்கக்கூடியது அல்ல. மன்னார் ஆயர் இராயப்பு ஜோசப் 2011 இல் நல்லிணக்க ஆணைக்குழு முன் 1,46,679 பேருக்கு என்ன நடந்தது என்று கணக்கோடு கேட்டார். பதில் வராமலே 2021 இல் காலமானார். குழு செய்வது தாள் வேலை. மரணச் சான்றிதழ் எடுத்தால் நட்டஈடு, பெயர் மாற்றம், வங்கிக் கணக்கு எல்லாம் நகரும். எடுத்தால் அவர் இறந்துவிட்டார் என்று அவளே கையெழுத்திட்ட மாதிரி. 2016 இல் வந்த ஒரு சட்டத் திருத்தம், இறந்தார் என்று சொல்லாமல் ஆள் காணாமல்போனதை மட்டும் உறுதிசெய்யும் சான்றிதழுக்கு இடம் கொடுத்தது. அப்படியொன்று இருப்பதையே அறியாத வீடுகள் இருந்தன. படிவத்தை நிரப்ப, கிராம சேவையாளரிடம் போக, கச்சேரிக்கு பஸ் காசு கொடுக்க என்று ஒரு வீட்டுக்கு ஆறேழு நடை. கொப்பியில் அது ‘சா.’ என்று ஒற்றை எழுத்தில் கிடக்கிறது.

காணி உறுதி விஷயமும் அப்படித்தான். எண்பதுகளுக்கு முன்னும் பின்னும் மலையகத்திலிருந்து வந்து காடு வெட்டிக் குடியேறிய குடும்பங்களுக்குப் பலவிடத்தில் இன்னும் தாள் சரியில்லை. தாள் இல்லாவிட்டால் வீட்டுத்திட்டம் இல்லை, வங்கிக் கடன் இல்லை, ஆகவே கிழமைக் கடன். இதைத் தீர்க்க வேண்டியது பிரதேச செயலகம். அரிசிப் பொதியால் காணி எழுத முடியாது.

பதினோராவது வீட்டை முடித்துக்கொண்டு மதிலோரம் வேப்பமர நிழலில் நின்றபோது கூட வந்த அந்த இருபது வயதுப் பெண் கொப்பியை வாங்கிப் பழைய பக்கங்களைப் புரட்டினாள். “இது என்ன ரீச்சர், ‘த.போ.’?” என்று கேட்டாள். தனியப் போகாதே என்று அர்த்தம், வீட்டில் குடிக்கிற ஆள் இருக்கிறார். சுருக்கங்களை எல்லாம் கைத்தொலைபேசியில் ஒரு அட்டவணையாக்கித் தரலாம் என்றாள் அவள். ரீச்சருக்கு எழுபத்திரண்டு வயது, முழங்கால் நோ, மழைக்காலத்தில் ஒழுங்கையில் சைக்கிள் ஓடாது. செய்து தா பிள்ளை என்றார். அரைவாசி செய்து முடித்திருக்கிறாள். மாணவ விசா கிடைத்துவிட்டால் செப்டெம்பரில் லண்டன் போய்விடுவாள்.